மூன்றாம் மாடி வெயில்

சரவணா,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்கு வாசிக்கக் கஷ்டம் என்று தெரியும். எழுத்துக் கூட்டி வாசி. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் காதைத் திருகி உட்கார வைத்து எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேனே, அது இன்றைக்காவது உதவட்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ மூன்று வரி சொல்லிவிடுகிறாய். அந்த மூன்றிலும் 'ரெஸ்ட்' வந்துவிடுகிறது. காகிதம் குறுக்கே பேசாது. உன் மனைவி வாசித்துக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதில் உனக்கும் எனக்கும் நடுவில் கிடக்கிற பழைய விஷயம் ஒன்று இருக்கிறது. மெதுவாக வாசி. சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

சனிக்கிழமை காரோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். இரண்டு ஆட்களை அழைத்து வந்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடியும் இறக்கி, குர்கானில் உன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாகத் திட்டம். எனக்காக ஒரு அறையை ஒழித்து, குளியலறைச் சுவரில் கைப்பிடி கூடப் பொருத்திவிட்டாயாம். உன் அப்பா இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி. நல்ல மனதோடுதான் செய்கிறாய், எனக்குத் தெரியாதா? ஆனால் நான் வரவில்லை. சனிக்கிழமை நீ வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வா, தனியாக வா. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த முட்டியைப் பற்றி. உனக்குத் தெரிந்தது பாதிதான். போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் வலது முட்டியில் ஆரம்பித்தது. ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போது மட்டும் உள்ளே யாரோ ஊசியால் நெம்புகிற மாதிரி. காய்கறிப் பையோடு வேகமாக இறங்கியதால் சுளுக்கிக்கொண்டது என்று நினைத்தேன். டிஸ்பென்சரியில் இரண்டு வாரம் ஓய்வாக இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். வலி போகவில்லை. "எம்மா, ரெஸ்ட் எடும்மா, வெறும் ரெஸ்ட். சீடி பக்கமே போகாத" என்று, படிக்கட்டுக்குத் தமிழ் வார்த்தை கூட வராமல், நீ தினமும் சொன்னாய். இரண்டு வாரம் ஒரு மாதமாகி, மூன்று மாதம் ஆனது. உன் அப்பா ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை மெட்ரோவில் போய் முடக்கத்தான் கீரை வாங்கி வந்தார். முடக்கத்தான் தோசை, முடக்கத்தான் ரசம், முடக்கத்தான் துவையல் என்று வீடே கசந்தது. தைலம் தேய்த்து, முட்டிக்கு உறை மாட்டி, காலைத் தூக்கி மூங்கில் மோடாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்கும்போது வலி தூங்கும். நான் எழுந்திருக்க நினைத்தால் எனக்கு முன்னால் அது எழுந்துவிடும்.

மூன்றாம் மாடியில் ஓய்வு என்றால் என்ன என்று உனக்குச் சொல்கிறேன். பால்காரரின் இருமல் தெரியும், பால்காரரைப் பார்க்க முடியாது. காய்கறி வண்டிக்காரர் கீழே நின்று கத்துவார். நான் மேலே நின்று கத்துவேன். கயிற்றில் பையைக் கட்டி இறக்கினால் அவர் முற்றின வெண்டைக்காயைப் போட்டு அனுப்புவார். கையில் எடுத்து ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்குகிற நிலைமை எனக்கு வந்தது. உன் அப்பா காலையில் பூங்காவுக்குப் போய்விட்டு வந்து, இன்னார் பேரன் பிறந்தநாள், இன்னார் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று செய்தி சொல்வார். நாற்பது வருஷமாக அவருக்குச் செய்தி சொன்னவள் நான். குளிர் காலம் வந்ததும் தெற்குப் பக்கத்துப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்தரைக்கு வெயில் கறிவேப்பிலைத் தொட்டியில் விழும், பன்னிரண்டுக்கு என் மடிக்கு வரும், மூன்று மணிக்குச் சுவரேறிப் போய்விடும். அந்த மூன்று மாதமும் நான் பார்த்த ஒரே நடமாட்டம் அதுதான்.

அப்புறம் ஒரு நாள் உன் அப்பாவிடம் சண்டை போட்டு எலும்பு டாக்டரிடம் போனேன். எப்படி இறங்கினேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து, குழந்தைகள் இறங்குகிற மாதிரி ஐம்பத்து நான்கு படியும் இறங்கினேன். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக மறுபடி மூடிக்கொண்டார். அந்தக் கதவு மூடிய சத்தம் முட்டியை விட வலித்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாதாஜி, ஆராம் கித்னா கியா?" என்று கேட்டார். எவ்வளவு நாள் ஓய்வு எடுத்தீர்கள் என்று. "தீன் மஹீனா", மூன்று மாதம் என்றேன் பெருமையாக. "தபி தோ!" என்றார். அதனால்தான் இப்படி என்று அர்த்தம். சுளுக்குக்கு ஓய்வு சரி, இது தேய்மானம். தேய்ந்த மூட்டைத் தாங்குவது தொடைச் சதை. அதையும் உட்கார வைத்து மெலிய விட்டால் மூட்டை யார் தாங்குவது என்று கேட்டார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். சில மாதம் விடாமல் செய்யுங்கள், அப்போதும் முடியாவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார். இதுதான் முட்டியின் கதை. மூன்று மாதம் நல்ல பிள்ளையாக உன் பேச்சைக் கேட்டதற்குக் கிடைத்தது இது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்சம் சொல்கிறேன்.

இனிமேல் உன்னிடம் யாராவது வலிக்கிறது என்று சொன்னால், 'ரெஸ்ட் எடு' என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் சொன்னவருக்குத்தான் ஓய்வு. எங்கே வலிக்கிறது, ஏறும்போதா இறங்கும்போதா, உன் வீட்டுக்கு எத்தனை படி என்று கேள். இதை நான் உனக்குச் சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பழைய விஷயத்துக்கு வருகிறேன்.

பல்பீர் ஆன்ட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். எதிர் வீடு. உன் பள்ளிக்கூட நாட்களில் பாதி மத்தியானம் அவள் வீட்டு முள்ளங்கி வைத்த மூலிப் பராட்டாதான் உன் சாப்பாடு. அவளுக்கு முட்டி போனபோது நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, "பஹன்ஜி, குட்னே ஜவாப் தே கயே" என்றாள். முட்டி இரண்டும் கைவிட்டுவிட்டதாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆராம் கரோ, டீக் ஹோ ஜாயேகா." ஓய்வு எடு, சரியாகிவிடும். அவள் சிரித்துவிட்டு, ஓய்வு எடுத்தால் இன்னும் இறுகிப்போகிறது என்றாள். சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று நினைத்தேன். உடம்பு பருத்த பெண், நிறைய நெய் சாப்பிடுகிறவள், வேறென்ன என்று என் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். அந்த வருஷம்தான் அவள் நம் பிளாக்குக்கு லிஃப்ட் வேண்டும் என்று கேட்டாள்.

லிஃப்ட் வைக்க இருந்த ஒரே இடம் படிக்கட்டுக்குப் பின்னால், நம் தெற்குப் பால்கனியை ஒட்டி. கூண்டு எழும்பினால் நம் வீட்டுக்கு வெயில் கிடையாது. டெல்லிக் குளிரில் அந்த வெயில் இல்லாத வீடு என்ன என்று குவார்ட்டர்ஸில் பதினாறு வருஷம் ஈரச்சுவரோடு இருந்து பார்த்தவள் நான். நேரில் நின்று ஆட்சேபித்தேன். வெளிச்சம் பாதிக்கப்படுகிற வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் கட்டக்கூடாது என்பது நம் குடியிருப்புச் சொசைட்டியின் விதி. அந்த ஆட்சேபத்தைத் தள்ள வேண்டுமென்றால் பொதுக்குழுவில் ஓட்டெடுத்துத்தான் தள்ள வேண்டும். கூட்டத்தை நடத்தியவளும் நான்தான், அப்போது செயலாளர். ஆட்சேபித்தவளே நீதிபதியாகவும் உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கும் கேட்கத் தைரியமில்லை.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதும் உனக்குத் தெரியவேண்டும். எட்டாம் வகுப்போடு தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஹிந்தி காய்கறிக்காரர்களிடம் கற்றது. ஆங்கிலம், உன் அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய அகராதியையும் இந்தச் சொசைட்டியின் விதிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தது. முதல் வருஷக் கூட்டத்தில் கீழ் வீட்டு மனிதர் ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கை தனக்காம், ஒரு கை மனைவிக்காம். வீடு மனைவி பேரில். நான் எழுந்து, "ஆப்கி பத்னி கஹான் ஹை?" என்றேன், உங்கள் மனைவி எங்கே என்று. "கானா பனா ரஹி ஹை" என்றார். சமைத்துக்கொண்டிருக்கிறாளாம். எல்லா ஆண்களும் சிரித்தார்கள். அடுத்த வருஷம் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பெண்களை எல்லாம் கீழே இறக்கி ஒரு விதியை நிறைவேற்றினேன்: ஓட்டுப் போடவோ, ஆட்சேபிக்கவோ, ஆட்சேபத்தைத் திரும்பப் பெறவோ உறுப்பினர் நேரில் வரவேண்டும். காகிதம் செல்லாது, இன்னொருவர் வாய் செல்லாது. என் ஆயுளில் நான் செய்ததில் எனக்குப் பெருமை தருவது அதுதான், இன்றைக்கும். உன்னைப் பெற்றதைக் கூட அதற்கு அடுத்தபடிதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே.

லிஃப்ட் கூட்டத்தன்று பல்பீரால் இறங்க முடியவில்லை. அவள் ஓட்டை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அதைக் கொண்டு வந்தது நீ. மூச்சு வாங்க ஓடி வந்து என் மேஜையில் வைத்தாய். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "காகஸ் கே பைர் நஹி ஹோத்தே" என்றேன். காகிதத்துக்குக் கால் கிடையாது என்று. கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிக்க வைத்தது நான். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் என் ஆட்சேபம் ஜெயித்தது. நீ அத்தனை பேர் முன்னால், "எம்மா, அவங்களுக்கும்தான் கால் இல்ல" என்றாய். வெளியே போ என்றேன். நாலு நாள் நீ என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் பேசினாய், ஆனால் முன்னே மாதிரி பேசினாயா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அவளை அவள் மகள் ஜலந்தருக்கு அழைத்துப் போன நாளில் நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நம் வாசலுக்கு நேரே வந்ததும் நிறுத்தச் சொன்னாள். கோபமாகத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "தூப் பசா லி, பஹன்ஜி?" என்றாள். வெயிலைக் காப்பாற்றிவிட்டாயா என்று. அவ்வளவுதான். முதல் வளைவில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கதவை மூடினேன். அந்த வெயிலில்தான் மூன்று மாதம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சரவணா. காப்பாற்றிய வெயில் முழுவதும் எனக்கே கிடைத்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருஷாந்திரப் பொதுக்குழு. லிஃப்ட் விஷயம் மறுபடியும் வருகிறது. கீழ் மாடிக்காரர்கள் அதற்கு ஓட்டுப் போட மாட்டார்கள். ஓட்டே தேவையில்லாமல் லிஃப்ட் வர ஒரே வழி, நான் என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவது. இதை விட்டால் இன்னும் ஒரு வருஷம். இப்போதைய செயலாளர் சக்சேனா நல்ல மனிதர். போன வாரம் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேலேயே வந்துவிட்டார். "ஆன்ட்டிஜி, யஹீன் சைன் கர் தீஜியே" என்றார். இங்கேயே கையெழுத்துப் போடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று. நான் முடியாது என்றேன். உன் அப்பாவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்ததே இல்லை.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? அந்த மனுசன் மூணு மாடி ஏறி வந்து நிக்காரு. கையெழுத்தப் போட்டா முடிஞ்சுது சோலி!"

"நேர்ல வரணும்னு விதி இருக்கு."

"விதிய எழுதினவளே நீதான?"

"அதனாலதான் சொல்லுதேன்."

"முட்டி தேஞ்சாலும் வீம்பு தேயல பாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டார். சக்சேனா பாவம், ஒன்றும் புரியாமல் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கினார். நீயும் உன் அப்பா கட்சியில்தான் இருப்பாய். ஆனால் யோசித்துப் பார். அவளுடைய காகிதத்துக்குக் கால் இல்லை என்று சொன்னவள், எனக்கு மட்டும் பதிவேடு மாடி ஏறி வரலாம் என்று எப்படிச் சொல்வேன்? என் விதி தவறு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். அதில் ஒரு வரி குறைகிறது, அவ்வளவுதான். நடக்க முடியாதவர் வீட்டுக்குக் கூட்டம் போகவேண்டும் என்கிற வரி. அதைச் சேர்க்கிற தீர்மானத்தையும் ஞாயிற்றுக்கிழமை நான்தான் கொண்டுவரப் போகிறேன். அதற்கும் நேரில் இருந்தாக வேண்டும்.

ஆறு வாரமாகப் படியில் பழகிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியக்கூடாது என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வாய் திறந்தால் முடக்கத்தான் தோசை மறுபடி ஆரம்பமாகும் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஸ்டூல் வைத்திருக்கிறார் உன் அப்பா. நேற்று முப்பத்தாறு படி, நின்றுகொண்டே இறங்கினேன். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்தார். "நமஸ்தே" என்றேன். இந்த முறை அவர் மூடவில்லை. மீதி பதினெட்டு இருக்கிறது. அதை நான் இன்னும் நின்றபடி இறங்கிப் பார்க்கவில்லை. வலி குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குறையவில்லை. முன்னே நான் அதற்குப் பயந்தேன், இப்போது அதையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன்.

குர்கானுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பாய். போன வருஷம் பத்து நாள் இருந்து பார்த்தேனே. பதினான்காம் மாடியிலிருந்து லிஃப்ட் ஒரு நிமிஷத்தில் இறக்கிவிடும். இறங்கி எங்கே போவது? வாசல் கேட் பக்கத்தில் போனதும் காவலாளி, "மாதாஜி, தனியாகவா?" என்று கேட்டு உனக்குப் போன் செய்தார். நீ ஆபீஸிலிருந்து எனக்குப் போன் செய்து மேலே போகச் சொன்னாய். இங்கே என்னை அடைத்து வைத்திருப்பது என் முட்டி. அங்கே அடைத்து வைப்பது நீ. முட்டியோடு சண்டை போட எனக்குத் தெம்பு இருக்கிறது. உன்னோடு போட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்னால் அந்தப் பதினெட்டும் முடியாமல் போனால் என்ன செய்வாய் என்று உன் அப்பா கேட்டார். முதல் மாடி ஸ்டூலில் உட்கார்ந்து பத்து மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். லிஃப்ட் கூட்டத்தன்று பல்பீர் மேலே உட்கார்ந்து கேட்டிருப்பாளே, அது மாதிரியே. அப்போது நீ குர்கானைப் பற்றிப் பேசு, கேட்கிறேன். அதற்கு முன்னால் பேசாதே.

லிஃப்ட் வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும், அதுவரை ஐம்பத்து நான்கு படிதான். கூண்டு எழும்பினால் என் கறிவேப்பிலை வெளிறிப் போகும், பால்கனியில் துணி காயாது. எல்லாம் எனக்குத் தெரியும். அந்த வெயிலில் எனக்கு இப்போது குளிர்தான் அடிக்கிறது.

ஒன்பது மணிக்கு வா. எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி நில். கையைப் பிடிக்காதே, நானாகக் கேட்டால் மட்டும் பிடி. மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வராதே. உன்னிடம் பல்பீர் ஆன்ட்டியின் நம்பர் இருக்கிறது, புது வருஷத்துக்கும் குருபரப் பண்டிகைக்கும் அவளோடு பேசுகிறாய் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கூட்டம் முடிந்ததும் கீழேயிருந்தே அவளுக்குப் போன் போட்டு என்னிடம் கொடு. மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே, அது எனக்கு வராது. எத்தனை படி இறங்கினேன் என்று மட்டும் சொல்வேன். மிச்சம் அவளுக்குத் தெரியும்.

காரைக் கொண்டு வந்தால் வாசலில் நிற்கட்டும். நாற்காலி கொண்டு வராதே.

அம்மா